காஷ் என்பது நம் காசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களிடம் பாடத்துக்கு வெளியே அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள், கூட்டிப்போக வருகிற பெற்றோர் கேட்கிறார்கள், சாமான் வாங்கப் போனால் கடைக்கார அண்ணையும் மிச்சக்காசைத் தந்துகொண்டே கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே ஓர் ஒழுங்கில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சேர், காஷ் எண்ட இங்கிலிஷ் சொல்லு எங்கட காசில இருந்துதானே போனது?

இல்லை. கடையிலும் வங்கியிலும் நாம் சொல்கிற காஷ், அதாவது கையில் உள்ள ரொக்கம், ஐரோப்பாவிலேயே பிறந்த சொல். பெட்டி என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்தான் அதற்கு மூலம்.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. ஆங்கிலத்தில் காஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. முதலாவது ரொக்கம். இரண்டாவது, கிழக்கு நாடுகளில் புழங்கிய மிகச் சிறிய நாணயத்தின் பெயர். அந்த இரண்டாவது சொல் சந்தேகமில்லாமல் நம் காசுதான். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இவ்வளவு குழப்பமும் வருகிறது.

பெட்டிக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்?

லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கெஸ் ஆனது. இத்தாலிய வணிகர்களும் பிரெஞ்சு வணிகர்களும் பணம் வைக்கிற பெட்டியை அப்படித்தான் அழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. 1598இல் ஜோன் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியில், காஸ்ஸா என்பதற்கு வணிகரின் காஷ் என்று ஒரு பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே காஷ் என்பது பணமல்ல, பணம் இருக்கிற இடம்.

பெட்டியின் பெயர் உள்ளே இருப்பதற்கு ஆவது எந்த ஊரிலும் நடப்பது. கடையைப் பூட்டுகிற நேரத்தில் முதலாளி "லாச்சியில எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டால் (லாச்சி என்பது மேசை இழுப்பறை), பொடியன் லாச்சியின் நீள அகலத்தையா சொல்கிறான்? நாள் முழுக்கச் சேர்ந்த காசை எண்ணித்தான் சொல்கிறான். ஆங்கிலத்திலும் அதேதான் நடந்தது. கொஞ்சக் காலம் பெட்டி, பணம் என்ற இரண்டு பொருளும் சேர்ந்து ஓடின. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் மறைந்து பணம் மட்டும் நின்றது. பிரெஞ்சில் இன்றைக்கும் கெஸ் என்றால் பெட்டி. கடையில் காசு கட்டுகிற இடமும் கெஸ்தான். பாரிஸில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சுப்பர் மார்க்கெட்டில் தினமும் காண்கிற சொல் அது.

(லாச்சி என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, வந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

அப்ப புக்கேஸ், சூட்கேஸ் எண்டு வாற கேஸும் அதே குடும்பமா?

ஆம். அதே லத்தீன் பெட்டிதான், வேறு வழியாக வந்தது. ஆனால் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், போடுகிற கேஸ் வேறு. அது விழுதல், நேர்தல் என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

எங்கட காசு இங்கிலிஷுக்குப் போன கதை என்ன?

போர்த்துக்கேயர் 1498இல் மலபார் கரையில் இறங்கினார்கள். அங்கும் தமிழ்க் கரையிலும் சனம் சில்லறையைக் காசு என்றார்கள். மலையாளத்தில் அந்தச் சகரம் ஷகரத்தை ஒட்டி ஒலிக்கும். போர்த்துக்கேயர் அதைக் காய்ஷா என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் என்ன தெரியுமா? பெட்டி! முன் பதிலில் சொன்ன அதே லத்தீன் பெட்டியின் போர்த்துக்கேய வடிவம். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் சாயலில் எழுதியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தபோது அது காஷ் ஆனது. ஆக, இரண்டு சொற்களும் ஒரே உருவத்துக்கு வந்தது இந்தப் போர்த்துக்கேய எழுத்தால்தான்.

சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு முழுவதும் இந்தக் காஷில்தான் தொடங்கியது. 80 காஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா என்ற பொன் நாணயம். ஃபனம் என்பது நம் பணம். அதாவது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் காசும் பணமும் தமிழ்ப் பெயரோடேயே உட்கார்ந்திருந்தன. ஒரு பகோடாவுக்கு 3,360 காஷ் என்றால், அது எவ்வளவு சிறிய நாணயம் என்று விளங்கும்.

இதைக் கண்ணாலேயே காணலாம். அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் மணற்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக்கு அனுப்பவென்று பேர்மிங்ஹாமில் அச்சிட்ட செப்புக்காசுகள் அதில் இருந்தன. பிற்காலத்தில் சுழியோடிகள் அவற்றை எடுத்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், 1808 என்ற ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோம இலக்கத்தில் இருபது, பக்கத்தில் காஷ். நம் சொல் ஆங்கில எழுத்தில் செம்பில் பதிந்து கிடக்கிறது.

சீனக் காசையும் காஷ் எண்டுதான் இங்கிலிஷ்காரர் எழுதியிருக்கினம். அதுக்கேன் தமிழ்ப் பேர்?

நடுவில் சதுரத் துளை போட்டு, கயிற்றில் கோத்து வைக்கிற சீனச் செப்புக்காசைத்தான் கேட்கிறீர்கள். சீனர் அதை அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது வென், அல்லது சியென். இந்தியக் கரையில் சில்லறைக்குக் கேட்ட பெயரையே போர்த்துக்கேயரும் ஆங்கிலேயரும் கிழக்கே கொண்டுபோய், அங்கே கண்ட சில்லறைக்கும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் நாணயம் சேகரிப்போர் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்கள்.

காசு எண்டது தமிழ்தானா? சமஸ்கிருதம் எண்டும் சொல்லுகினமே?

இரண்டு கருத்து உண்டு. பொன், வெள்ளி நிறுக்கும் கர்ஷம் என்ற அளவையின் பெயர் பிராகிருதம் வழியாக வந்து காசு ஆனது என்பது ஒன்று. பழைய ஆங்கில அகராதிகள் அதைத்தான் சொல்கின்றன. திராவிட மொழிகளுக்குச் சொந்தமான சொல் என்பது மற்றது. சிங்களத்திலும் நாணயத்தைக் காசி என்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், ஆங்கிலேயருக்கும் போர்த்துக்கேயருக்கும் அது நம் கரையிலிருந்துதான் போனது என்பது மாறாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சங்கப் பாட்டில் காசு இருக்கிற விதம். குறுந்தொகை 67ஆம் பாட்டை எடுங்கள். ஒரு கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்திருக்கிற ஒரு பொற்காசு போல இருக்கிறதாம். வெயிலில் பழுத்த வேப்பம்பழத்தின் மஞ்சளை நாமெல்லாம் முற்றத்தில் கண்டிருக்கிறோம். அல்லூர் நன்முல்லையார் அதைப் பொன் நிறமாகக் கண்டிருக்கிறார். இங்கே காசு என்பது கடைக்குக் கொண்டுபோகிற ஒன்றல்ல, நகையில் கோக்கிற பொன்மணி. 148ஆம் பாட்டிலும் அப்படித்தான்: பிள்ளைகளின் காற்சதங்கையில் இருக்கிற பொற்காசுக்குக் கொன்றை அரும்பை ஒப்பிடுகிறார்கள். சங்கப் பாட்டில் மணியும் நகையுமாக வருகிற இந்தச் சொல் பிறகு நாணயத்துக்குப் பெயராக வருகிறது.

உயர்தரத்தில் தமிழ் எடுக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படிக்கிறீர்களே, அந்தக் காசும் இதுதான்.

தேவாரத்தில "வாசி தீரவே காசு நல்குவீர்" எண்டு வாறதும் இந்தக் காசா?

இதே காசு, அதுவும் நாணயம் என்ற பொருளில். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் கோயிலில் நாளுக்கொரு படிக்காசு கிடைத்தது என்பது வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர் முழு மதிப்புக்கு எடுக்கவில்லை, வட்டம் பிடித்தார்கள். அந்தக் குறைவுக்குத்தான் வாசி என்று பெயர். அது தீரவேண்டும் என்று அவர் பாடினார். நம் கோயில்களில் சின்னப் பிள்ளைகளும் பாடுகிற பதிகம் இது. 7ஆம் நூற்றாண்டில் காசு கடையில் புழங்கியதையும், நாணயத்தின் தரம் பார்த்து மதிப்புக் குறைத்ததையும் அந்த ஒரு வரியே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் காஷ் என்ற சொல் தோன்றுவதற்கு இன்னும் 900 வருடங்கள் இருந்தன.

எங்கட ஊரிலையும் அந்தக் காலத்துக் காசு இருந்ததா?

இருந்தது. 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்று ஒன்று வருகிறது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசில் படுத்திருக்கும் நந்தியையும் அதன் கீழே தமிழில் சேது என்ற சொல்லையும் பொறித்தார்கள். அதனால் அவற்றைச் சேதுக்காசு என்கிறோம். சின்னச் செப்புக்காசு, எழுத்துத் தேயாத ஒன்று கையில் கிடைத்தால் தமிழ் தெரிந்த எவரும் வாசித்துவிடலாம்.

துட்டு, சல்லி, சதம் எண்டெல்லாம் சொல்லுறமே, அதுகள்?

துட்டு டச்சுக்காரரின் டொய்ற் என்ற செப்புக்காசின் பெயர். அவர்கள் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை வைத்திருந்தார்கள். காசு போய்ச் சொல் தங்கிவிட்டது. சதம், ரூபாவை நூறாகப் பிரித்த 1872ஆம் ஆண்டோடு அரச நாணயத்துக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் ஆங்கிலேயர் வைத்திருந்த கணக்கில் 12 ஃபனம் ஒரு ரிக்ஸ்டொலர். அங்கேயும் நம் பணம்தான். சல்லி சிங்களத்தவருக்கும் நமக்கும் பொது.

ஒலியும் ஒண்டு, பொருளும் ஒண்டு. பிறகும் தற்செயல் எண்டு எப்பிடிச் சொல்லலாம்?

இது நல்ல கேள்வி. முதலில் ஒலியைப் பாருங்கள். நாம் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலச் சொற்களை வான், பாக், காஸ் என்று நெடிலாகச் சொல்கிறவர்கள். அதனால் காஷ் நம் காதில் காசோடு ஒட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உயிர் நெடில் ஆகாரம் அல்ல. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் குறுகி நிற்கிற ஒலி. நாம் கேட்கிற ஒற்றுமையில் ஒரு பங்கு நம் நாக்கு உண்டாக்கியது.

அப்புறம், ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதை ஒலியை வைத்து மட்டும் தீர்ப்பதில்லை. எப்போது முதலில் எழுதப்பட்டது, அப்போது என்ன பொருள், பக்கத்து மொழிகளில் அதன் உறவுகள் யார், எந்த வழியாக வந்தது என்று பார்க்கவேண்டும். ரொக்கம் என்ற காஷ் இங்கிலாந்தில் எழுத்துக்கு வந்தபோது பெட்டி என்ற பொருளும் கூடவே வந்தது. நம் காசு ஒருநாளும் பெட்டியைக் குறித்ததில்லை. இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் எல்லோரிடமும் அதே குடும்பச் சொல் பணப்பெட்டிக்கு இருக்கிறது. இன்னொன்று, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கம்பெனி இந்தியாவுக்கு வந்திருக்கவேயில்லை. அது தொடங்கப்பட்டதே 1600 டிசம்பரின் கடைசி நாளில்தான். இவ்வளவையும் தள்ளிவிட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால், கொல் என்பதிலிருந்து கில் வந்தது என்றும் சொல்லவேண்டி வரும்.

ஆனா இங்கிலிஷ் அகராதியிலேயே "தமிழில் இருந்து" எண்டு போட்டிருக்கு, நான் பாத்தனான்.

நீங்கள் பார்த்தது உண்மை. பெரிய அகராதிகளில் காஷுக்கு இரண்டு தனிப்பதிவுகள் இருக்கும், சொல்லுக்குப் பக்கத்தில் 1, 2 என்று இலக்கத்தோடு. தமிழ் என்று இருப்பது நாணயத்துக்கான பதிவில். அந்தத் துண்டை மட்டும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், மேலே உள்ள மற்றப் பதிவு வெட்டுப்பட்டுவிடுகிறது. அனுப்புகிறவரின் தமிழ்ப்பற்றில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழுக்கு இல்லாத பெருமையைக் கூட்டப்போய், உள்ள பெருமையையும் மற்றவர்கள் சந்தேகப்படும்படி ஆக்கக்கூடாது.

காஷியர் எண்டா காசாளர். பிறகேன் ஆமியில ஒருத்தரை "காஷியர்" பண்ணினது எண்டு எழுதுறாங்கள்?

அதுவும் எழுத்து ஒன்றான இரண்டு சொற்கள். காசாளர் என்ற காஷியர் பெட்டிக் குடும்பம். அவமானப்படுத்திப் பதவி நீக்குவது என்ற காஷியர், ரத்துச் செய்தல் என்ற பொருளில் டச்சு மொழி வழியாக வந்த வேறு சொல். காசு களவெடுத்ததால் நீக்கினார்கள் என்று பொருளல்ல.

ஐசிடி (கணினி) பாடத்தில வாற காஷ் மெமரி?

அது மூன்றாவது ஆள். ஒளித்துவைத்தல் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. உச்சரிப்பு மட்டும் ஒன்று, எழுத்து வேறு. கஜுவின் (முந்திரியின்) ஆங்கிலப் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல், போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்துக்கும் நமக்கும் வந்தது. காசோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மணி எண்டு எப்ப சொல்லுறது, காஷ் எண்டு எப்ப சொல்லுறது?

மணி என்பது எல்லாப் பணமும்: வங்கியில் இருப்பது, வரவேண்டியது, காணியை விற்றால் கிடைக்கப்போவது. காஷ் என்பது தாளாகவும் குத்தியாகவும் கையில் இருப்பது. நமக்கு இரண்டுக்கும் காசு என்ற ஒரே சொல் போதும் என்பதால் பிள்ளைகள் இதில் தடுமாறுகிறார்கள். "கனடாவில் மாமாவிடம் நிறையக் காசு இருக்கு" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது காஷ் என்று போட்டால், மாமா வீட்டில் தாள்களாக அடுக்கி வைத்திருக்கிறார் என்று ஆகிவிடும். அங்கே மணிதான் வரவேண்டும். "கார்ட் வேண்டாம், காசாத் தாங்கோ" என்பதற்குக் காஷ்.

ரொக்கம் என்ற பொருளில் காஷுக்குப் பன்மை இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஒரு காஷ், மூன்று காஷ் என்று எழுதக்கூடாது. நாணயம் என்ற பழைய காஷை எண்ணலாம். கம்பெனிக் காசில் இருபது காஷ் என்று இருப்பது அதனால்தான். வினையாகவும் வரும்: செக்கை மாற்றிக் காசாக எடுப்பது. லண்டனில் "காஷ் இன் ஹாண்ட்" வேலை என்று யாராவது சொன்னால், சம்பளத்தைக் கையில் தருகிறார்கள் என்பது நேர்ப்பொருள். பெரும்பாலும் வரிக் கணக்கில் காட்டாமல் தருகிறார்கள் என்ற உட்பொருளும் அதில் இருக்கும். அங்கே போகிற பிள்ளைகள் அதை விளங்கி வைத்திருக்கவேண்டும்.

காஷ் குறொப் எண்டா பணப்பயிர். அதில காசு ஏன் இல்லை?

பாடப்புத்தகம் எழுதியவர்கள் பணத்தைத் தெரிந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாட்டுக்கு அல்லாமல் விற்றுக் காசாக்குவதற்கென்று செய்கிற பயிர். நமக்கு வெங்காயம், மிளகாய், எல்லாவற்றுக்கும் முன்னால் புகையிலை.

யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தையாக நெடுங்காலம் இருந்தது திருவிதாங்கூர். அந்த அரசின் நாணயத்தில் மிகச் சிறியது காசு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் காசையும் காஷ் என்றே எழுதினார்கள், நாணயத்திலும் அப்படியே பொறித்தார்கள். நம் தோட்டத்துப் புகையிலை போய் விலைப்பட்ட ஊரில், இரண்டாவது காஷ் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரோடு புழங்கியது.

காசோலை, காசாளர் எல்லாம் காஷைப் பாத்து உண்டாக்கினதுதானே? அப்ப அதுகள் கலப்புச் சொல்லா?

இல்லை. ஆங்கிலப் பொருளைச் சொல்வதற்கு நம் சொற்களை வைத்துக் கட்டியவை. காசு, ஓலை, ஆளர் மூன்றும் நம்முடையவை. செக் என்ற ஆங்கிலச் சொல்லில் காசும் இல்லை, ஓலையும் இல்லை. பணம் கொடுக்கச் சொல்லி எழுதுகிற சீட்டு என்பதால் காசோலை என்றார்கள். ஓலையில் உறுதி எழுதிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தயங்காமல் எழுதுங்கள்.

அப்ப உண்மையா எங்களிட்ட இருந்து இங்கிலிஷுக்குப் போன சொல்லுகள் எவை?

வாதமில்லாமல் சொல்லக்கூடியவை: கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுதண்ணி, அணைக்கட்டு, குருந்தக்கல்லுக்கான பெயர். பட்டியலில் நாணயமான காஷையும் ஃபனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிற பிள்ளைகள் காஷைச் சேர்க்கும்போது மட்டும், "சிறு நாணயம் என்ற பொருளில்" என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்தச் சொற்றொடர் இருந்தால் எந்த நடுவரும் புள்ளி வெட்டமுடியாது.